றைஸ்லிப் மைதானத்தில் அண்ணாவின் பெயர்

1

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று என்று அபிராமி தொலைபேசியில் சொன்னாள். "மாமி, வாறீங்களோ?" என்று கேட்டாள். "வாறன்" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு குசினியில் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. போன வருடம், 2007இல், இதே வைகாசியில்தான் அவளுடைய விளையாட்டைப் பார்க்க முதல்முதல் போனேன். இந்த முறை ஒலிபெருக்கியில் அவளுடைய பெயர் வேறாக இருக்கும். அதற்கு முன்னர் போன பருவத்தைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அது கேலிக் ஃபுட்போல், அயர்லாந்துக்காரருடைய உதைபந்தாட்டம். கையாலும் தூக்கலாம், காலாலும் அடிக்கலாம், நாலடி ஓடினால் பந்தைத் தட்ட வேண்டும். உதைபந்தாட்டமும் வலைப்பந்தாட்டமும் கலியாணம் முடித்துப் பெற்ற பிள்ளை என்று வையுங்கள். கோல் கம்பங்கள் மேலே நீண்டு நிற்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. லண்டனில் இருக்கிற அயர்லாந்து ஆட்களுடைய கழகங்கள் கோடை முழுவதும் தங்களுக்குள் மோதும். பெண்களுக்கும் தனியாகப் போட்டி உண்டு. தோற்றால் வெளியே; இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. இங்கிலீஷ்காரருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. நாங்களோ எல்லாரையும் வெள்ளைகள் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம்.

இன்னொன்று. இதில் வரும் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே மாற்றிய பெயரை இன்னொரு முறை மாற்றுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

2

நான் வேலை செய்வது ஹவுன்ஸ்லோப் பக்கம், விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடத்தில். கிழமையில் ஞாயிறு மட்டும் ஓய்வு. அந்த ஓய்வில் கால் நீட்டிப் படுத்திருந்தபோதுதான் செல்வா அண்ணை வந்து கதவைத் தட்டினார். அவருக்கு சவுத் ஹரோவில் பலசரக்குக் கடை. மனைவிக்கு வயோதிபர் இல்லத்தில் ஷிப்ட்.

"தங்கச்சி, பிள்ளைக்கு இண்டைக்கு மச் எண்டு நிக்கிறாள். ஒருதரும் வரேல்லை எண்டு முகம் கறுத்துப்போச்சு. ஒருக்காப் போயிட்டு வாவன்."

பிள்ளை என்பது அவருடைய மகள் அபிராமி, பத்தொன்பது வயது. கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் என்றால் வீபூதிப் பூச்சை அழித்துவிட்டு வரிசையில் நிற்கிற சாதி நாங்கள். அங்கே நீவ் என்ற அயர்லாந்துப் பெட்டை சிநேகிதியானாள். அவள் இவளைத் தன்னுடைய கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இவள் நல்லூருக்கு வழி கேட்டால் முழிப்பாள், அயர்லாந்தின் மாவட்டங்கள் எல்லாம் தலைகீழாகச் சொல்லுவாள்.

மைதானத்தில் குளிர் காற்று. கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. நான் சால்வையால் காதை மூடிக்கொண்டு, எப்போது முடியும் என்று நின்றேன். ஒரு ஆணின் குரல் அணிகளை வாசிக்கத் தொடங்கியது. இலக்கம் ஒன்று, இரண்டு என்று வாயில் நுழையாத அயர்லாந்துப் பெயர்கள். பிறகு, "பதின்மூன்று, அபிராமி யோகநாதன்."

அந்தக் குரல் பெயரை அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது. யோ-க-நா-தன். பக்கத்தில் இருந்த வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

யோகநாதன் என்னுடைய சொந்த அண்ணா. அபிராமியின் தகப்பன் அவர் இல்லை.

3

எண்பத்தைந்தில் எனக்குப் பதினைந்து வயது, யோகன் அண்ணாவுக்கு இருபத்தொன்று. சைக்கிள் டயர் வாங்க டவுனுக்குப் போனார். ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. இளம் பெடியன்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிளை யாரோ தெரிந்தவர் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் மதிலில் சாத்திவிட்டுப் போனார். அம்மா ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினா. ஒரு இடத்திலும் அவர் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

ஒரு மாதம் போனதும் அயலில் கதை வந்துவிட்டது, அந்த லொறியில் போன எவனும் உயிரோடு இல்லையாம் என்று. சனம் வெள்ளைச் சீலையோடு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. அம்மா வாசலில் போய் நின்றா.

"என்ர பிள்ளை சாகேல்லை. ஒருதரும் என்ர வீட்டில வந்து ஒப்பாரி வைக்க வேண்டாம். போங்கோ."

வந்த சனம் திரும்பிப் போனது. பிறகு ஒருவரும் வரவில்லை. எங்கள் வீட்டில் செத்தவீடு நடக்கவில்லை. எட்டாம் நாள் சடங்கு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. நானும் அழவில்லை. அழுதால் அம்மா அடிப்பா.

செல்வராசா, எங்களுக்குச் செல்வா அண்ணை, யோகன் அண்ணாவின் கூட்டாளி. அவருடைய பெயர் ஆமிக்காரரின் பட்டியலில் ஏறிவிட்டது. சொந்தப் பெயரில் விமானநிலையத்துக்குக் கிட்டவும் போக ஏலாது. அம்மாதான் ஒரு நாள் அண்ணாவின் பிறப்பு அத்தாட்சியை எடுத்து அவர் கையில் வைத்தா. "இவன் வருமட்டும் நீ வைச்சிரு தம்பி. வந்தோடன திருப்பிக் குடு" என்றா.

அந்தப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்து அவர் லண்டன் வந்தார். அந்தப் பெயரில்தான் அகதியாகப் பதிந்தார், கலியாணம் எழுதினார், கடை எடுத்தார், குடியுரிமையும் பெற்றார். எங்கள் ஆட்களுக்கு அவர் செல்வா. கவுன்சிலுக்கும் வங்கிக்கும் டொக்டருக்கும் அவர் யோகநாதன். நாங்கள் தகப்பனின் பெயரைத்தானே பிள்ளைக்குக் கடைசிப் பெயராக வைக்கிறோம். அப்படி அபிராமி பிறந்த நாளிலேயே அபிராமி யோகநாதன் ஆகிவிட்டாள்.

நான் தொண்ணூற்று நாலில் கலியாணம் முடித்து இங்கே வந்தேன். அவர் என்னைக் கூடப்பிறந்தவளாகவே வைத்திருந்தார். லண்டனில் பிள்ளைகள் எல்லாரையும் அன்ரி என்றுதான் கூப்பிடும். அபி மட்டும் என்னை மாமி என்பாள். தகப்பனின் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் பழக்கிவிட்டார்.

அம்மா கடைசிக் காலத்தில் குழம்பிவிட்டா. என்ர மகன் லண்டனில கடை வைச்சிருக்கிறான் என்று சனத்துக்குச் சொல்லுவாவாம். செல்வா அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். "யோகன், சாப்பிட்டியோ அப்பு?" என்று கேட்பா. "ஓம் அம்மா" என்று சொல்லுவார். அம்மா செத்தபிறகு எங்கள் வீடுகளில் யோகநாதன் என்ற பெயரைச் சத்தமாகச் சொல்ல ஆளில்லை.

ஆபீசுகளில் சொல்லுவார்கள்தான். யோகா நேதன், யோகுனாட்டன் என்று அவரவர் நாக்குக்கு ஏற்றபடி அடித்து நொறுக்குவார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டபோது செல்வா அண்ணை எழும்பவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"எப்பவும் அப்பிடித்தான் தங்கச்சி. அந்தப் பேரைக் கேட்டா முதல்ல பின்னுக்குப் பாக்கிறனான். அவன் வந்திட்டானோ எண்டு."

4

முதல் சுற்றில் அபியின் அணி வென்றது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் சங்கதி வெளியே வந்தது. தகப்பன் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அவளோ பெயரை மாற்றப் போகிறாளாம்.

"மாமி, ஐ ஆம் நொட் ஆங்க்ரி. ஆனா என்ட அப்பான்ட பேர் செல்வராசா. எனக்கு அதுதான் வேணும். நான் ஒரு டெட் பேர்சன்ட பேரில ஓடித் திரியிறன்."

எனக்குச் சுருக்கென்றது. செல்வா அண்ணையைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "எனக்கும் களைச்சுப்போச்சு தங்கச்சி. கொம்மா திருப்பிக் குடு எண்டுதானே தந்தவ. என்னால மாத்த ஏலாது, எல்லாக் கடுதாசியும் அதிலதான் இருக்கு. பிள்ளையாவது மாத்தட்டும்."

நியாயம்தான். மறுத்துச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் உடனே மாற்ற ஏலாதாம். இந்தப் பருவத்துக்கு அவள் பழைய பெயரில்தான் பதிந்திருக்கிறாள். இடையில் மாற்றினால் போட்டியில் சிக்கல் வரும் என்று கழகத்தில் சொன்னார்களாம். ஆகவே சாம்பியன்ஷிப் முடியும் வரைக்கும் அவள் யோகநாதன்.

அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்தது. அவர்கள் வெல்லும் வரைக்கும் அண்ணாவின் பெயர் உயிரோடு இருக்கும். தோற்கிற அன்று முடிந்துவிடும். உதைபந்தாட்டம் என்றால் தொலைக்காட்சியைத் திருப்புகிற நான், கால் இறுதிக்கு முதல் நாள் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். அர்ச்சனை உயிரோடு இருக்கிற ஆளுக்குத்தான் செய்வது. அம்மா இருக்குமட்டும் வருடாவருடம் அண்ணாவின் பிறந்தநாளுக்குச் செய்வித்தவ. ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டார். "யோகநாதன், உத்தரட்டாதி" என்றேன்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "கடைக்கார செல்வான்ர கடுதாசிப் பேர்தானே? அவருக்குச் சுவாதியெல்லோ?"

"நீங்கள் உத்தரட்டாதி எண்டு சொல்லுங்கோ ஐயா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மணியை எடுத்தார்.

5

கால் இறுதியிலும் வென்றார்கள். அன்றைக்குத்தான் ஒலிபெருக்கிக்காரரைச் சந்தித்தேன். எழுபது வயது இருக்கும், தொப்பி, சிவந்த மூக்கு. கழகங்களுக்காகக் கூலி இல்லாமல் வாசிக்கிறவர். தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து, அபியின் பெயரைச் சரியாகச் சொல்கிறேனா என்று என்னிடம் கேட்டார். முதல் போட்டிக்கு முன்னமே அவளிடம் போய்ச் சொல்லிப் பழகிக்கொண்டாராம். அணிப் பட்டியலை அயர்லாந்து மொழியில் எழுதிக் கொடுப்பது இவர்களுடைய வழக்கம். யோகநாதனுக்கு அயர்லாந்து மொழியில் என்ன என்று கழகச் செயலாளர் அம்மா தலையைச் சொறிந்துவிட்டு அப்படியே எழுதிவிட்டாவாம். சொல்லிச் சிரித்தார்.

"நன்றாகச் சொல்கிறீர்கள். இந்த நாட்டில் வேறு ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை" என்றேன்.

"என் அம்மா எனக்கு வைத்த பெயர் போரிக்" என்றார். "இங்கே கட்டட வேலைக்கு வந்த முதல் நாளே மேற்பார்வையாளன் பாட் என்று ஆக்கிவிட்டான். அம்மா சாகும் வரைக்கும் நான் அதை அவளுக்குச் சொல்லவில்லை." பிறகு கேட்டார், "நீ பிள்ளையின் அம்மாவா?"

"தகப்பனின் தங்கச்சி" என்றேன். எப்படிப் பார்த்தாலும் பொய் இல்லை.

அரை இறுதியில் அபி ஒரு கோல் அடித்தாளாம். அடித்தாளாம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்க்கவில்லை. எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவளே இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து சொன்னாள். புட்டைப் போட்டுக் கொடுத்தேன். அவள் தொடவில்லை.

"மாமி, நான் கோல் அடிக்கேக்க நீங்கள் என்னைப் பாக்கேல்ல. ஸ்பீக்கரப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். நீவ்வின்ட அம்மா சொன்னவ. எல்லா மச்சிலயும் அப்பிடித்தானாம்."

நான் புட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"எனக்கு எவ்வளவு ஹாப்பி தெரியுமா? அம்மா அப்பா வராட்டியும் என்ட மாமி வாறா எண்டு. நீங்கள் எனக்காக வரேல்ல. அந்தப் பேருக்காக வந்தனீங்கள்."

"உனக்காகவும்தான் வந்தனான் பிள்ளை."

"பொய் சொல்லாதேங்கோ."

அவள் அழுதாள். எனக்கும் கோபம் வந்தது. பத்தொன்பது வயதுப் பெட்டை என்னைக் கேள்வி கேட்கிறாள் என்ற கோபமா, அவள் சொல்வது உண்மை என்ற கோபமா தெரியவில்லை. கத்திவிட்டேன். "ஓம், அதுக்காகத்தான் வந்தனான். எங்கட வீட்டில அந்தப் பேரைச் சொல்ல ஆரிருக்கினம்? நீ மாத்திப்போட்டா அவர் எங்கயும் இல்லை. எங்கயும் இல்லை!"

அபி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "அவருக்கு ஃபியூனரல் செய்யேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"அப்பம்மா விடேல்லை." என் அம்மாவை அவள் அப்படித்தான் சொல்லுவாள், நானும் அவளுக்கு அப்படியே சொன்னேன்.

"இப்ப அப்பம்மா இல்லைத்தானே மாமி?"

அவள் ஆறிப்போன புட்டைச் சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

6

இறுதிப் போட்டி றைஸ்லிப்பில், பெரிய மைதானத்தில். செல்வா அண்ணை முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, கலியாணவீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நானும் அவரும் வேலியோரம் நின்றோம். இன்றைக்கு ஒலிபெருக்கியைப் பார்ப்பதில்லை, பிள்ளையை மட்டும் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

இரண்டு அணியும் வரிசையில் நின்றன. போரிக்கின் குரல் கேட்டது. விளையாட்டுக்கு முன்னர், கழகக் குடும்பங்களில் நம்மை விட்டுப் போனவர்களுக்காக ஒரு நிமிட மௌனம் என்றார். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவர் பெயர்களை வாசித்தார். ஒரு அயர்லாந்துப் பெயர், இன்னொன்று, மற்றொன்று. பிறகு, "யோகநாதன்."

யோ-க-நா-தன். அதே நிதானம்.

நான் செல்வா அண்ணையின் கையைப் பிடித்தேன். "ஆர் குடுத்தது? நீங்களோ?"

"நான் இல்லை." அவர் வரிசையில் நின்ற அபியைப் பார்த்தார். "பிள்ளையாத்தான் இருக்கும்."

அபி வரிசையில் தலை குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. என்னைக் கேட்காமல் என் அண்ணாவைச் சாகக் கொடுத்துவிட்டாள். அவர் சாகவில்லை, எல்லாரும் தொப்பியைப் போடுங்கள் என்று கத்த வாய் உன்னியது. அத்தனை சனமும் பேசாமல் நின்றது. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, குழந்தை சிணுங்கியதும் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். தெரியாத ஊரின் தெரியாத பெடியன் ஒருவனுக்காக இத்தனை பேர் அசையாமல் நிற்கிறார்கள் என்பது மெல்ல மெல்லத்தான் எனக்குள் இறங்கியது.

விசில் ஊதினார்கள். உடனே போரிக் அணிகளை வாசித்தார். பதின்மூன்று, அபிராமி யோகநாதன். சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை.

நான் பிள்ளையைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவள் விளையாடுவதை உண்மையில் பார்த்தேன். தோளால் இடித்துக்கொண்டு ஓடுகிறாள், விழுகிறாள், மண்ணோடு எழும்புகிறாள். இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் அடித்தாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

முடிந்ததும் அவள் நேராக எங்களிடம் வந்தாள். "ஸொறி மாமி" என்றாள். தோற்றதற்கா மற்றதற்கா என்று நான் கேட்கவில்லை. அதற்கிடையில் ஒரு கிழவி வந்து அபியின் கையைப் பிடித்து, "உன் துயரத்துக்கு வருந்துகிறேன், பிள்ளை" என்றாள். பின்னால் இன்னொருவர். பிறகு ஒரு குடும்பம். செத்தவருடைய ஆட்களுக்கு வரிசையில் வந்து கை கொடுப்பது இவர்களுடைய வழக்கமாம். பட்டியலில் பிள்ளையின் கடைசிப் பெயரைக் கேட்டவர்கள், தகப்பன்தான் செத்துப்போனார், பாவம், இந்த நிலையிலும் விளையாடுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அபி எல்லாரையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டாள். "மை ஆன்ட். அவருடைய தங்கச்சி" என்றாள். வந்தவர்கள் என் கையைப் பிடித்தார்கள், செல்வா அண்ணையின் கையைப் பிடித்தார்கள். எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். செல்வா அண்ணை கடைக்கு வருபவர்களுக்குச் சொல்வதுபோல் "தாங்க்யூ, தாங்க்யூ" என்றுகொண்டு நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், "தங்கச்சி, கடுதாசிப்படி பாத்தா நான் என்ர செத்தவீட்டில நிண்டு கை குடுக்கிறன்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அந்த நேரம் நீவ்வின் அம்மா என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

"அவருக்கு எத்தனை வயது?" என்று கேட்டார்.

"இருபத்தொன்று" என்றேன்.

அவர் அபியைப் பார்த்தார். செல்வா அண்ணையின் நரைத்த தலையைப் பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை, கையை விடவும் இல்லை. நான் அழத் தொடங்கினேன். பின்னால் நின்றவர்கள் அவசரப்படாமல் வரிசையிலேயே நின்றார்கள்.